அக்கா பாட்டுக்கு எந்தக் கீ?

போன ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணி இருக்கும். பண்டாரவளையில் ஒரு கல்யாண ஹோல். முந்நூறு பேருக்கு முன்னால் மேடையில் நின்றுகொண்டிருந்தபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

மூச்சை வெளியே விடுவதா, உள்ளே இழுப்பதா?

ஐம்பத்து மூன்று வயது மனிதனுக்கு வரக்கூடிய சந்தேகமா இது? பிறந்த நாளிலிருந்து இரண்டையும் மாறி மாறிச் செய்துகொண்டுதான் இருக்கிறேன். யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் உதட்டில் மவுத் ஆர்கனும் பக்கத்தில் மைக்கைப் பிடித்து நடுங்கும் சொந்த அக்காவுமாக நிற்கும்போது அந்தச் சந்தேகம் வந்து பாருங்கள்... காலுக்குக் கீழே மேடையே இல்லாத மாதிரி இருக்கும்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

வாரா வாரம் இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். பதுளை பஜாரில் ஒரு கண்ணாடிக் கடை. வருகிறவர்களின் மூக்கில் லென்ஸை மாற்றி மாற்றி மாட்டி, "இது தெளிவா இருக்கா... இல்ல, இதுவா?" என்று கேட்டுக்கொண்டே காலத்தை ஓட்டுகிறவன் நான். கடையில் ஆள் இல்லாத நேரம் மவுத் ஆர்கன் வாசிப்பேன். மழை நாளில் ஆள் வர மாட்டார்கள். பதுளையில் மழைக்குப் பஞ்சமில்லை. அதனால் ஓரளவு நன்றாகவே வாசிப்பேன்.

என் மனைவி கமலா இதை வாசிப்பு என்று இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. "ஊதுறது" என்பாள்.

இந்தக் கருவியில் ஒரு வசதி, ஒரு வில்லங்கம். வசதி என்னவென்றால், சட்டைப் பைக்குள் அடங்கும். மூச்சை விட்டாலும் சத்தம் வரும், இழுத்தாலும் சத்தம் வரும். வில்லங்கம்? ஒரு மவுத் ஆர்கன் ஒரே ஒரு கீக்குத்தான், அதாவது ஒரே சுருதிக்குத்தான். கோயில் ஹார்மோனியத்தில் பாடுகிறவர் எந்தக் கட்டையில் தொடங்கினாலும் கையை நகர்த்திக்கொண்டு போய்விடலாம். இது அப்படியில்லை. சி கீயில் செய்த மவுத் ஆர்கன் சாகும்வரை சிதான். வேறு கீயில் பாட்டு வந்தால் பாதிச் சுரம் அதில் இருக்கவே இருக்காது. பெரிய கலைஞர்கள் பெட்டி நிறைய, கீக்கு ஒன்றாக வைத்திருப்பார்கள். தனியாக ஊதுகிறவனுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. ஆனால் ஒரு பேண்டோடு சேர்ந்து வாசிக்கப் போனால் முதல் கேள்வியே இதுதான்: பாட்டு எந்தக் கீ?

என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று. கொழும்புக்குப் போனபோது வாங்கிய பத்துத் துளை மவுத் ஆர்கன். சி கீ.

இதைப் பற்றி யூடியூபில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு வெள்ளைக்காரர், தொப்பி போட்டவர், அடிக்கடி ஒரு விஷயத்தைச் சொல்வார். பேண்ட் ஜியில் வாசித்தால் ஜி மவுத் ஆர்கனை எடுக்காதே, சியை எடு, ஊதாமல் உள்ளே இழுத்து வாசி என்பார். எனக்குச் சிரிப்பு வந்தது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை! சி பாட்டுக்கு சி. அவ்வளவுதானே? அந்த வீடியோவைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன்.

இனி அக்கா.

என் அக்கா பாக்கியம். என்னைவிட ஐந்து வயது மூத்தவள். பூனாகலைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தைந்து வருடம் கொழுந்து பறித்தவள். அவள் மலையில் பாட ஆரம்பித்தால் அடுத்த மலையில் பறிக்கிறவர்கள் கையை நிறுத்திக் கேட்பார்கள் என்று சொல்வார்கள். சும்மா புகழ்ச்சி இல்லை, நானே கேட்டிருக்கிறேன். பனி மூடி ஆளே தெரியாது. குரல் மட்டும் வந்துகொண்டிருக்கும். எங்கிருந்து வருகிறது என்று சொல்லவே முடியாது. மலைதான் பாடுகிறது என்று நினைத்துவிடலாம்.

அவளுக்கு ஒரே மகள், தர்ஷினி. தர்ஷினி கைக்குழந்தையாக இருந்தபோது, காலையில் அவளைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு அக்கா மலைக்குப் போவாள். வேலைக்குப் போகும் தாய்மார்களின் குழந்தைகளைத் தோட்டத்தில் பார்த்துக்கொள்கிற இடம் அது. பிள்ளை அழும். விட்டுப் போக மனம் வராது. அழுகிற பிள்ளைக்காக அக்காவே ஒரு பாட்டைக் கட்டினாள். நாலே வரி.

மலையேறிப் போகுது பனி – கண்ணே
மத்தியானம் திரும்பி வரும்
கூடையோட போறா அம்மா – கண்ணே
கூப்பிடுமுன்ன திரும்பி வருவா

மெட்டும் அவளுடையதுதான். ஐந்தே சுரம். மூன்றாவது வரியில் "கூடையோட" என்ற இடத்தில் சட்டென்று மேலே ஏறும். அந்த ஏற்றம்தான் பாட்டின் உயிர். பிள்ளை அழுகையை நிறுத்துவது அந்த இடத்தில்தானாம்.

தர்ஷினி இப்போது ஒரு பாடசாலையில் டீச்சர். வெலிமடையில் மாப்பிள்ளை. லீக்ஸும் கேரட்டும் லொறியில் ஏற்றுகிற பெரிய குடும்பம். கல்யாணம் பேசி முடித்த அன்றே அவள் ஒரு நிபந்தனை போட்டாள்.

"ரிசெப்ஷன்ல அம்மா அந்தப் பாட்ட மேடையில பாடணும். மாமா மவுத் ஆர்கன் வாசிக்கணும். எனக்கு வேற எதுவும் வேணாம்."

நான் உடனே தலையாட்டிவிட்டேன். தாய்மாமன் இல்லையா? எங்கள் பக்கம் கல்யாணத்தில் தாய்மாமனுக்கு இருக்கிற மரியாதை வேறு யாருக்கும் கிடையாது. மாலையை எடுத்துக் கொடுப்பது முதல் சாப்பாட்டுப் பந்தியைத் தொடங்குவது வரைக்கும், "மாமன் சொல்லட்டும்" என்று எல்லாரும் காத்துக்கொண்டு நிற்பார்கள். வீட்டில் எனக்கு அந்த அதிகாரம் இல்லாததால் கல்யாண வீடுகளில் கொஞ்சம் அதிகமாகவே பாவிப்பேன்.

அக்காவும் "சரி" என்றாள். ஆனால் அந்த "சரி" கொஞ்சம் தாமதமாக வந்தது. நான் கவனிக்கவில்லை.

அதற்கு முந்திய வருடம் அவளுக்குக் கழுத்தில் ஒப்பரேஷன் நடந்தது. தைரொய்டு கட்டி. நல்லபடியாக முடிந்தது. பேச்சில் ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகு அவள் வேலைக்குப் போகவில்லை, வீட்டில்தான். பாட்டுப் பேச்சை யாரும் எடுக்கவும் இல்லை. கிளினிக்குக்கு வரும்போதெல்லாம் என் கடைக்கு வந்து உட்கார்ந்து போவாள்.

"அக்கா, ஒருக்கா பாடிப் பாப்பமா? நான் சேந்து வாசிக்கிறேன்."

"இன்னிக்கு பஸ் போயிரும் தம்பி."

அடுத்த முறை: "மழை சத்தத்துல எங்க பாட?"

அதற்கடுத்த முறை: "கடையில ஆள் இருக்காங்க."

கடையில் இருந்தது ஒரே ஒரு ஆள். அவரும் காது கேளாதவர். கண்ணாடிக்கு வந்திருந்தார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு பெரிய பாட்டுக்காரிக்கு ஒத்திகை எதற்கு என்கிற கர்வமாக்கும் என்று நினைத்தேன். தம்பிகளின் புத்தி அப்படித்தான் போகும். அக்காமார்களுக்குப் பயம் இருக்கும் என்று எந்தத் தம்பி நினைத்திருக்கிறான்?

சரி, ஒத்திகை இல்லாவிட்டாலும் கீ தெரியவேண்டுமே. பேண்டுக்கு ஃபோன் போட்டேன். மூன்று பேர் கொண்ட குழு. கீபோர்ட் வாசிப்பவர் கிருபா. முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. மற்ற நாட்களில் த்ரீவீல் ஓட்டுகிறார். நல்ல கைகாரர். பாட்டைக் கேட்டால் போதும், அப்படியே வாசித்துவிடுவார். தர்ஷினி ஃபோனில் பாடி அனுப்பிய மெட்டை ஏற்கெனவே கற்றுக்கொண்டிருந்தார்.

"கிருபா, என்ன கீ?"

"சிதான் அண்ணே."

"நிச்சயமா?"

"அண்ணே, பதினாறு வருஷமா வாசிக்கிறேன். நான் எப்பவும் சிதான். வேற எதுவும் நான் வாசிக்கிறதே இல்ல."

என்ன அருமையான மனிதர்! என்னிடம் சி. அவரிடமும் சி. அன்றைக்கு மழை நின்ற பிறகும் கடையில் வாசித்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்தன்று காலையில் பதுளையிலிருந்து ரயிலில் போனோம். கமலா ஜன்னலோரம். புதுச் சேலை கசங்கக்கூடாது என்று ரொம்ப நேராக உட்கார்ந்திருந்தாள். வெளியே ஒன்றும் இல்லை. வெறும் வெள்ளை. நடுநடுவே ஒரு மரத்தின் தலை, தோட்டத்து லயத்து வரிசை வீடுகளின் தகரக் கூரை, குடை பிடித்த ஒரு பெண்ணின் பாதி... உடனே மறைந்துவிடும். ரயில் ஓடுகிறதா, நாங்கள் நின்றிருக்க மலைகள் போகின்றனவா என்று தெரியாத ஒரு மந்தம். தெமோதரையில் ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்து, மலையைச் சுற்றி, தான் வந்த பாதைக்கு மேலேயே போய் நிற்கும். எத்தனை முறை போனாலும் அந்த இடத்தில் எனக்குக் கண் சொருகும். சுரங்க இருட்டில் மவுத் ஆர்கனை எடுத்து, பாட்டின் முதல் வரியை மெல்ல வாசித்தேன். சுவர்கள் அதை வாங்கித் திருப்பித் தந்தன. பக்கத்துப் பெட்டியில் யாரோ பேச்சை நிறுத்தினார்கள்.

வெளிச்சம் வந்ததும் கமலா பார்த்தாள்.

"இப்ப ஊதினது நல்லா இருந்துச்சு" என்றாள்.

இருபத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் இது முதல் தடவை. எனக்கு உள்ளுக்குள் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஹோலில் போய் இறங்கியதும் நேராக மேடைக்குத்தான் போனேன். சவுண்ட் செக். கிருபா பாட்டை வாசித்தார், நானும் சேர்ந்தேன். பிசகே இல்லை. வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி. எனக்கு நானே கை கொடுக்காத குறை.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா மேடைக்குப் பின்னால் போய்க் கிருபாவிடம் குனிந்து ஏதோ கேட்டதைப் பார்த்தேன். கழுத்தை முந்தானையால் நன்றாகச் சுற்றியிருந்தாள். பேண்ட் பையன்கள் சாப்பிட்டார்களா என்று விசாரிக்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்கப் போய்விட்டேன். தாய்மாமனுக்கு ஆயிரம் வேலை.

பன்னிரண்டு மணிக்கு அறிவித்தார்கள். "இப்பொழுது மணமகளின் தாயார்..."

கைதட்டல். பின்வரிசையில் இருந்த தோட்டத்துப் பெண்கள், அக்காவோடு மலைக்குப் போனவர்கள், விசில் அடித்தார்கள். முன்வரிசையில் வெலிமடைச் சம்பந்திமார் மரியாதையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தர்ஷினி மேடை நாற்காலியில் நகையும் பூவுமாக, கையை மடியில் வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி காத்திருந்தாள்.

முதல் வரியை நான் தனியாக வாசித்தேன். பிறகு கிருபா சேர வேண்டும். சேர்ந்தார்.

என்ன சொல்வது... ஒரு வீட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் இரண்டு ரேடியோவைப் போட்ட மாதிரி. அவர் எங்கேயோ கீழே போகிறார். நான் எங்கேயோ மேலே நிற்கிறேன். அக்கா பாட வாயைத் திறந்தாள். எதைப் பிடிப்பது என்று தெரியாமல் மூடினாள். மறுபடி திறந்தாள். மூடினாள். சம்பந்தி அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார். சபையில் அந்தச் சின்னச் சலசலப்பு... மேடையில் நின்றவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று.

நிறுத்தினோம். நான் கிருபாவிடம் பாய்ந்து போனேன்.

"சிதானே?"

"சிதான் அண்ணே! பாருங்க, கைய பாருங்க!"

பார்த்தேன். விரல்கள் சியில்தான் இருந்தன. வெள்ளைக் கட்டை, சந்தேகமே இல்லை. அப்புறம்தான் கீபோர்டின் சின்னத் திரையைப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு எண். மைனஸ் ஐந்து.

அங்கேதான் எனக்கு எல்லாம் விளங்கியது. எங்கள் பக்கத்துக் கீபோர்ட்காரர்கள் பலர் சொந்தமாகப் பழகியவர்கள். ஒரு கீயில்தான் விரல் ஓடும், அது சி. பாடுகிறவருக்குக் குரல் எட்டவில்லையா, விரலை மாற்ற மாட்டார்கள். ட்ரான்ஸ்போஸ் பொத்தானைத் தட்டுவார்கள். விரல் பழைய இடத்திலேயே ஓடும், சத்தம் மட்டும் மேலேயோ கீழேயோ போய்விடும். கிருபா பொய்யே சொல்லவில்லை. பதினாறு வருடமாக அவர் சியில்தான் வாசிக்கிறார். கேட்கிறவர்களுக்குத்தான் அது சி இல்லை.

"எதுக்கு இத இறக்கினீங்க?"

கிருபா அக்காவைப் பார்த்தார். அவருடைய விரல் பொத்தானுக்கு மேல் நின்றது.

"ஸீரோவுக்குக் கொண்டு வந்துறவா அண்ணே? நீங்க சொன்னா சரி."

மாமன் சொல்லட்டும்! சொல்ல வாயெடுத்தேன். ஒரே தட்டு. பழைய சி. என் மவுத் ஆர்கன் சரியாகிவிடும், மானம் பிழைத்துவிடும். அப்போது அக்கா மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் சாய்ந்தாள்.

"வேணாம் தம்பி. நான்தான் எறக்கச் சொன்னேன். பழைய எடம் எனக்கு எட்டல."

"எட்டலன்னா?"

"ஒப்பரேஷனுக்கு அப்புறம் மேல போனா குரல் ஒடஞ்சி போகுது. அப்படி ஆகலாம்னு டொக்டர் மொதல்லயே சொன்னாரு. யார்கிட்டயும் சொல்லல. தர்ஷினிக்கும் தெரியாது."

ஒரு வருடம். பஸ், மழை, கடையில் ஆள்... எல்லாவற்றுக்கும் காரணம் இதுதான். அத்தனை பேருக்கு நடுவில் அக்காவைத் திட்ட வேண்டும் போலவும் இருந்தது, அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

"அப்ப ஏன்க்கா பாடுறேன்னு ஒத்துக்கிட்ட?"

"புள்ள கேட்டுச்சே. நீ சத்தமா ஊதுவ... என் தொண்டை வெளிய தெரியாதுன்னு நெனச்சேன்."

அடுத்த மலையில் இருப்பவர்களைக் கேட்க வைத்தவள், தன் குரலை மறைக்க என் மூச்சை நம்பி வந்திருக்கிறாள்.

நான் என்ன செய்ய? ஸீரோவுக்குப் போனால் அந்த "கூடையோட" ஏற்றத்தில் சபைக்கு முன்னால் அவள் குரல் உடையும். மைனஸ் ஐந்திலேயே விட்டால் என் மவுத் ஆர்கன் உதவாது. நான் இறங்கிவிட்டால் அவளும் இறங்கிவிடுவாள். அது அவள் முகத்திலேயே தெரிந்தது. தர்ஷினி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

விரலை மடக்கி எண்ணினேன். சியிலிருந்து கீழே, அரை அரைச் சுரமாக ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. ஜி. பாட்டு இப்போது ஜி.

கையில் சி.

தொப்பிக்காரரின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. ஜியில் வாசித்தால் சியை எடு, உள்ளே இழு. பாதியில் நிறுத்திய வீடியோ! மீதிப் பாதியில் அவர் என்ன சொன்னாரோ, யாருக்குத் தெரியும்? கடையில் சும்மா இருக்கும்போது இடப்பக்கத் துளைகளில் மூச்சை இழுத்துப் பார்த்திருக்கிறேன். மூன்று நாலு சுரம் சேர்ந்து ஒரு நிறைவான சத்தம் வரும். அது ஜிதானா? அதுவேதானா?

வெளியே விடுவதா, உள்ளே இழுப்பதா என்று நான் நின்ற இடம் இதுதான்.

"கிருபா, தொடாதீங்க. அப்படியே இருக்கட்டும். வாசிங்க" என்றேன். அக்காவிடம், "நீ உன் எடத்துல பாடு. நான் அங்க வர்றேன்" என்றேன். வார்த்தை தைரியமாகத்தான் வந்தது. பொருந்துமா என்றுதான் தெரியவில்லை.

கிருபா தொடங்கினார். கண்ணை மூடிக்கொண்டு, இடப்பக்கத்தில், மெதுவாக மூச்சை உள்ளே இழுத்தேன்.

பொருந்தியது.

நிஜமாகவே பொருந்தியது! ஊதும்போது வருகிற கணீர் இல்லை. கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் ஏக்கம். வெளியே ஓடாமல் உள்ளே வருகிற சத்தம். அந்தச் சத்தத்தின் மேல் அக்காவின் குரல் வந்து உட்கார்ந்தது.

மலையேறிப் போகுது பனி... கண்ணே...

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. பழைய குரல் மலைகளைத் தாண்டிப் போகும். இது பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேசுகிறது. அடங்கி, கனத்து, மெல்ல வருகிறது. ஹோலுக்குள் பனி இறங்குகிற மாதிரி ஒரு அமைதி. பின்வரிசைப் பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். ஒருத்தி முந்தானையைக் கடித்துக்கொண்டாள். மேடை விளக்குகள், பூச்சரங்கள், சம்பந்திமாரின் முகங்கள் எல்லாம் விளிம்பு கரைந்து தெரிந்தன. என் கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டதாக நினைத்தேன். கண்ணாடிக் கடைக்காரன் அப்படித்தானே நினைப்பான்? கண்ணாடியில் ஒன்றும் இல்லை.

மூன்றாவது வரி வந்தது. "கூடையோட..."

ஏறினாள். பழைய உயரத்துக்கு அல்ல, தனக்கு எட்டிய உயரத்துக்கு. ஆனால் ஏற்றம் ஏற்றம்தான். உடையவில்லை. தர்ஷினியின் உதடு அவளோடு சேர்ந்து அசைந்தது.

இழுத்து வாசிப்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. பயத்தில் நான் விட்டதைவிட அதிகமாக இழுத்துக்கொண்டே வந்திருக்கிறேன். நெஞ்சு முழுக்கக் காற்று. இனி ஒரு பொட்டுக்கூட இடமில்லை. கடைசி வரி தொடங்கும்போது வேறு வழியே இல்லாமல் மவுத் ஆர்கனை உதட்டிலிருந்து எடுத்துவிட்டு, சத்தம் போடாமல் மூச்சை விட்டேன். நான் எடுத்ததைப் பார்த்து, இதுவும் ஏற்பாடு போல என்று நினைத்துக் கிருபாவும் கையைத் தூக்கிவிட்டார்.

அக்கா கண்ணை மூடியிருந்தாள். அவள் பார்க்கவில்லை.

கூப்பிடுமுன்ன திரும்பி வருவா...

துணைக்கு ஒரு சத்தமும் இல்லை. வெறும் குரல். வெலிமடைக்குப் போகப்போகிற மகளுக்கு ஒரு தாய் கொடுக்கிற வாக்கு. அது சுவரில் பட்டு, மெல்ல அடங்கி, காணாமல் போனது. தர்ஷினி அந்தக் கனத்த சேலையோடு எழுந்து ஓடி வந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்ட பிறகுதான் சபைக்கு உயிர் வந்தது.

ரயிலில் திரும்பும்போது யோசித்தேன். பேண்டோடு வாசிக்கப் போகிற எல்லாரும் என்ன கேட்கிறோம்? பாட்டு எந்தக் கீ, என் கையில் எந்தக் கீ. பாடுகிறவருக்கு எது எட்டும் என்று கேட்கிறோமா? நான் கேட்கவில்லை. தினமும் முப்பது பேரிடம் "இது தெளிவா, இதுவா" என்று கேட்பவன், அக்காவிடம் ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். அவள் ஒரு வருடம் தனியாகப் பயந்துகொண்டிருக்க வேண்டியதில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ரயில் ஏறுவதற்கு முன் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். பந்தியெல்லாம் முடிந்து, ஹோல் காலியாகிக்கொண்டிருந்தது. அக்கா என்னைத் தேடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நல்லா வாசிச்ச தம்பி. முக்கியமா கடைசி வரியில. நீ விட்ட சத்தத்துல என் தொண்டை வெளிய தெரியவே இல்ல, பாத்தியா?"

"கடைசி வரியில நான் வாசிக்கவே இல்லக்கா."

"பொய் சொல்லாத."

"கிருபாகிட்ட கேளு. அவனும் வாசிக்கல."

அக்கா என்னையே பார்த்தாள்.

"அப்ப... நான் தனியாவா பாடினேன்?"

"ஆமா."

"சம்பந்திக்கும் கேட்டுச்சா?"

"எல்லாருக்கும் கேட்டுச்சு. ஒருத்தரும் மூச்சு விடல."

அக்கா என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

"அத அப்பவே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்னடா? இன்னொரு பாட்டும் பாடியிருப்பேன்ல!"